மேலிடத்து உத்தரவு

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த அந்த வாரம், கள்ளக்குறிச்சியில் எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு ஜெர்மன் காலாட்படை டிவிஷனின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு. பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிய பழைய புத்தகக் கட்டிலிருந்து, என் வீட்டுக்காரர் கிழிப்பதற்குள் நான் உருவிக்கொண்ட தடிப் புத்தகம் அது.

ரஷ்யப் பனியில் அந்தப் படையை வளைத்துவிட்டார்கள். மேற்கே மட்டும் ஒரு சந்து பாக்கி. வெளியேறலாமா என்று தளபதி மேலிடத்தைக் கேட்கிறார். இருந்த இடத்திலேயே இரு என்று பதில். மறுபடி கேட்கிறார், அதே பதில். ஊரான் நாட்டில் புகுந்து அட்டூழியம் செய்தவர்கள்தான். அவர்களுக்காக நான் கண்ணீர் விடவில்லை. ஆனாலும் கால் இருக்கிறது, வழி இருக்கிறது, கிளம்ப வேண்டியதுதானே என்று எரிச்சலாக வந்தது.

அந்தப் பக்கத்தில் இருக்கும்போதுதான் கடைக்கு போன் வந்தது. திருநாவலூரில் என்னைப் பெற்ற அத்தாவுக்கு மூச்சு வாங்குகிறதாம். என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"நான் போய்ட்டு வரேங்க," என்றேன்.

"எப்டிப் போவே? தியாகதுருகம் வரிக்கும் புளிய மரத்த வெட்டிப் போட்டுக்கினு கீறானுங்க. பஸ்ஸே இல்ல."

"நடந்து போறேன். தம்பி சைக்கிள் எடுத்துக்கினு எதிர்ல வருவான்."

"பொம்பள தனியா நடந்தா ஊரு இன்னா சொல்லும்? ரோடு தொறக்கட்டும், பாக்கலாம்."

மறுநாளும் கேட்டேன். மறுபடியும் "பாக்கலாம்". கதவு திறந்துதான் கிடந்தது. பூட்டும் இல்லை, காவலும் இல்லை. நிலைப்படியில் நின்று அவருடைய ஒரு 'சரி'க்காகக் காத்திருந்தேன். அடுத்த போன், அடக்கம் முடிந்துவிட்டது என்று சொல்ல வந்தது. அத்தாவின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

மரங்களை அகற்றிய பிறகு, மறியலில் நின்ற ஒருவர் சர்க்கரை வாங்க வந்தார். விஷயம் கேட்டுப் பதறிப்போனார்.

"இன்னாம்மா இது! சாவுக்குப் போறவங்கள யாரு தடுத்தா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே சைக்கிள்ல குந்தவெச்சுக் கொண்டுபோய் வுட்ருப்போமே."

என் வீட்டுக்காரர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த டிவிஷனுக்கும் கடைசியில் உத்தரவு வந்ததாம், சந்து மூடிய பிறகு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் புர்காவை மாட்டிக்கொண்டு கடை வழியாகவே இறங்கினேன்.

"எங்க?" என்றார்.

"திருநாவலூருக்கு."

கேட்கவில்லை, சொன்னேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.