பங்குக் கிணற்றின் திறப்பு

எங்கள் வீட்டுச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியில், ஒரு திறப்பு, பழைய சாவி, தொங்குகிறது. அதற்குரிய ஆமைப்பூட்டைத் துரு தின்று எத்தனையோ காலமாகிவிட்டது. சுவருக்கு வெள்ளையடிக்கும் போதெல்லாம் பிள்ளைகள் அதை எறியப் பார்ப்பார்கள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வரும். என் அக்காவின் கணவர், அத்தான், வழக்குக்குப் போன கோட்டு விறாந்தையில் தன் மடியிலிருந்து எடுத்துத் தந்த திறப்பு அது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அளவெட்டியில் எங்களுடையது பங்குக் கிணறு. அக்காவுக்குச் சீதனமாகப் போன காணிக்குள் கிடந்தது. பாதிப் பங்கு எனக்கு. ஒருநாள் அவர்கள் இறைப்பு, மறுநாள் என் இறைப்பு. அந்தக் கிணற்றுப் படலைக்கு ஒரு காலை அத்தான் பூட்டுப் போட்டார். என் வெங்காயம் அப்போதுதான் பருக்கத் தொடங்கியிருந்தது. வாய்த்தர்க்கம் முற்றி, பொலிசுக்குப் போய், அவர்கள் வழக்காக்கிக் கோட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். வாடுகிற பயிரைவிட அதுதான் என்னை அரித்தது.

சண்டைக் காலம்; வழக்குத் தவணையன்று பஸ் ஓடியதே பெரிய காரியம். ஒரே பஸ்ஸில், அத்தான் முன்னால், நான் பின்னால், முகம் பாராமல் போனோம். சொல்லவேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன என்னைப் பிறக்கிராசியார் வாசலிலேயே அடக்கினார். எங்கள் ஆட்கள் வழக்கறிஞரை அப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்; வழக்கு விசாரணையை விளக்கம் என்பார்கள்.

“தம்பி, இண்டைக்கு விளக்கம் இல்லை. ரெண்டு பகுதியும் எதை ஒத்துக்கொள்ளுறியள் எண்டு முதல்லை பதிவினம். ஒத்துவராததுதான் பிறகு விளக்கத்துக்குப் போகும். கேட்டதுக்கு மாத்திரம் மறுமொழி சொல்லும்.”

நீதவான் அத்தானைப் பார்த்துக் கேட்டார். கிணற்றில் உமது மைத்துனருக்குப் பங்கு உண்டா? “ஓம் ஐயா.” ஒருநாள் விட்டு ஒருநாள் அவருடைய முறையா? “ஓம் ஐயா.” உமது காணிக்குள்ளால் அவருக்குப் பாதை? “அதுவும் கிடக்கு ஐயா.” அத்தானுடைய வழக்கறிஞர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அத்தானுக்குக் கோபம் வரும், பொய் வராது.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டால் விளக்கத்துக்கு வைக்க என்ன இருக்கிறது?”

அத்தான் என்னைச் சுட்டிக் காட்டினார். “என்ரை மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு உவர் வரேல்லை ஐயா. தாய்மாமன் இல்லாமல் பிள்ளைக்குத் தண்ணி வாத்தனாங்கள்.”

“எனக்கு ஆரும் வந்து சொல்லேல்லை ஐயா!” என்று நானும் கத்திவிட்டேன்.

“தாய்மாமனுக்கு ஆரும் சொல்லுறதோ? உது உன்ரை வீட்டுச் சடங்கெல்லோ!”

எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்கு வீடு தேடி வந்து சொல்லாவிட்டால் போகமாட்டோம். சொல்ல வருவார்கள் என்று நான் வேட்டியைத் தோய்த்து வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். மாமன் வருவான் என்று அவர்கள் பிள்ளையை இருத்தி வைத்துக்கொண்டு பார்த்திருந்தார்கள்.

“இதற்கு இந்தக் கோட்டில் தீர்ப்பு இல்லை,” என்றார் நீதவான். சிரிப்பை அடக்கியது தெரிந்தது. “வெளியில் போய்க் கதைத்துவிட்டு வாருங்கள். பிறகு கூப்பிடுகிறேன்.”

விறாந்தைக்கு வந்தோம். பிறகு அத்தான் மடியை அவிழ்த்தார்.

“இந்தா. இண்டைக்கு உன்ரை முறை. வெங்காயம் வாடப்போகுது.”

“பின்னேரம் பிள்ளையைப் பாக்க வாறன் அத்தான்.”

“வாறதெண்டால் வா. உதையும் சொல்லோணுமோ?”

அப்பாடா என்றிருந்தது. உள்ளே போய் இணக்கத்தைப் பதிந்து வழக்கை முடித்துக்கொண்டோம். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே சீற்றில் அருகருகே இருந்து வந்தோம். வெங்காயத்தைப் பற்றியே கதைத்தோம்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அத்தான் கண்மூடிய காலையில், எனக்குச் சொல்லிவர அக்கா ஆள் தேடியிருக்கிறாள். அழுகுரல் கேட்டதுமே நான் கிணற்றுப் பாதையால் ஓடிவிட்டேன். படலையில் அந்த ஆமைப்பூட்டு வாய் திறந்தபடி தொங்கியது. திறப்பு அன்றும் இந்த ஆணியில்தான் கிடந்தது.