நோட்டீஸுக்குப் பல் முளைச்சப்போ

எங்க தொழிற்சங்கத்துல நாப்பது வருஷத்துல எத்தனையோ பேரு மேடை ஏறிப் பேசினாங்க. அதுல பாதிப் பேரோட மூஞ்சிகூட இப்போ எனக்கு ஞாபகம் இல்ல. மேடைப் பக்கமே வராத ஒரு அக்காவைத்தான் அடிக்கடி நெனச்சுக்கறேன். அவங்களப் பத்தி எழுதுறேன். சுத்தி வளைக்க மாட்டேன்.

எங்களுது ரப்பர் கம்பெனி. மோட்டார்ல எண்ணெய் கசியாம இருக்கப் போடுற வளையம் செய்யுற இடம். அக்காவுக்கு அங்க சாமான் சரியா இருக்கான்னு பாக்குற வேலை. ஒரு மேசை, ஒரு டியூப்லைட், இடது பக்கம் ஒரு பெட்டி, வலது பக்கம் ஒரு பெட்டி. வளையத்தை எடுப்பாங்க, இழுப்பாங்க, கட்டைவிரல் நகத்தை வெச்சு ஒரு அழுத்து. நகம் பதியணும், எடுத்ததும் பள்ளம் மறையணும். மறைஞ்சா வலது பெட்டி, பாஸ். மறையலேன்னா இடது பெட்டி. பின்னாடி அதுக்குன்னு மெஷின் வந்துச்சு. மெஷின் சொன்னதையும் நகத்தால ஒரு தடவை பாத்துட்டுத்தான் அக்கா ஒத்துக்குவாங்க. மெஷினுக்கும் வேற வழி இல்ல.

கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு யாராவது கேட்டா, "வந்ததெல்லாம் இடது பெட்டி"ன்னுட்டு அடுத்த வளையத்தை எடுப்பாங்க. தங்கச்சி குடும்பம் கீழ, அவங்க மாடியில ஒத்த ரூம்ல.

அந்த மேசைக்குன்னு நாங்க சண்டை போட்டு வாங்கின விதி ஒண்ணு உண்டு. அதுக்கு முன்னாடியெல்லாம், அக்கா பாஸ் பண்ணி அனுப்பின பெட்டியை ரெண்டு மாசம் கழிச்சு சூப்பர்வைசர் கொண்டாந்து மேசையில கொட்டி, "வெடிச்சிருக்கு பாரு"ன்னு மெமோ குடுப்பாரு. குடோனுக்கு வெளிய வெயில்ல கிடந்து வெடிச்சதுக்கு இவங்க என்ன பண்ணுவாங்க? பதினோரு நாள் வேலைநிறுத்தம். ஜெயிச்சோம். 'ஒரு தடவை பாஸ் ஆன சாமான் மறுபடி மேசைக்கு வராது.' நோட்டீஸ் எழுதினவன் நான். கொட்டை எழுத்துல போட்டேன்.

சங்க ஆபீஸ் சைக்கிள் கடைக்கு மேல இருந்துச்சு. செங்குத்தான மரப்படி, ஒரு பெஞ்சு, ஒரு பீரோ. ஒரு மழை நாள்ல மூணு மாசக் குட்டி நாய் ஒண்ணு படியேறி வந்து, அச்சகத்துல இருந்து அப்பத்தான் வந்த நோட்டீஸ் கட்டுல பாதியைத் தின்னுடுச்சு. அதனால பேரு நோட்டீஸ். அடுத்தது பெஞ்சுக்கால். அப்புறம் மினிட்ஸ் புக்.

"வெளிய விடுங்க இத. மூணு பக்கத்தைக் காணோம்"னாரு பொருளாளர்.

"எந்த மூணு பக்கம்?"னு அக்கா கேட்டாங்க.

"போன மாசம் நான் பேசினது."

"அப்ப நஷ்டம் ஒண்ணும் இல்ல."

குட்டியைத் தூக்கி மடியில போட்டு, உதட்டை விலக்கி வெளிச்சத்துல பாத்தாங்க. "பால் பல்லு ஆடுது. ஈறு செவந்து கிடக்கு. இது சேட்டை இல்ல தோழர். வலி. மெல்லுறதுக்கு ஏதாவது நாம குடுக்கணும், இல்லேன்னா அதுவா எடுத்துக்கும்."

பொருளாளர் விடல. இன்னொரு காகிதம் போச்சுன்னா நாயும் போகணும்னாரு. "பல்லு முளைச்சு முடியற வரைக்கும் நான் பொறுப்பு"ன்னு அக்கா வாக்குக் குடுத்தாங்க.

மறுநாள் மதிய இடைவேளையில ஆளாளுக்கு ஒண்ணு தூக்கிட்டு வந்தாங்க. ஆபீஸ் பெஞ்சு அக்காவோட மேசை ஆயிடுச்சு. அச்சுல ரப்பர் ஊத்துறவரு நம்ம கம்பெனி வளையத்தையே கொண்டாந்தாரு.

"இதுல என்னென்னத்தக் கொட்டி வேகவைக்கிறோம்னு உனக்குத் தெரியாதா? உன் பிள்ளை வாயில வைப்பியா?"

"மாட்டேன்க்கா."

"அப்புறம்?"

கிரேன்காரர் வீட்டுச் சட்டியில இருந்து ஒரு எலும்பு. "வெந்த எலும்பு ஊசி ஊசியா ஒடையும்யா. குடலைக் கிழிச்சிரும்." வாட்ச்மேன் எங்கயோ தேடி ஒரு மாட்டுக் கொம்புத் துண்டு கொண்டு வந்தாரு. அக்கா அழுத்திப் பாத்தாங்க. "நகம் பதியல. நகம் பதியாததைக் கடிச்சா பல்லுதான் போகும்." பொருளாளரும் ஒரு பழைய சாக்ஸை நீட்டினாரு, யாருக்கும் தெரியாத மாதிரி.

"பழைய சாக்ஸைத் தின்னலாம், புது சாக்ஸைத் தின்னக்கூடாதுன்னு அதுக்கு நீங்க வகுப்பெடுப்பீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கறேன்?"

"அப்ப எடுத்துட்டுப் போங்க."

அன்னைக்கு பாஸ் ஆனது மூணு. தடிமனான துண்டுத் துணியை நனைச்சு, முறுக்கி முடிச்சுப் போட்டு, கீழ கூல்டிரிங்ஸ் கடை ஐஸ் பெட்டியில ஒரு மணி நேரம் வெச்சு எடுத்தது. நூல் ஒண்ணு பிரிஞ்சாலும் குப்பைக்கு. ரெண்டாவது, அதே பெட்டியில குளிரவெச்ச பெரிய கேரட். அதுவும் ஆள் பக்கத்துல இருந்தா மட்டும். மூணாவது, அக்காவே பொம்மைக் கடையில வாங்கின ரப்பர் பந்து. நகம் பதிஞ்சு பள்ளம் மறைஞ்சுது, பிஞ்சு வரல, வாடை இல்ல, குட்டி எவ்வளவு வாயைத் திறந்தாலும் உள்ள போகல. வலது பக்கம் வெச்சாங்க.

அந்த ரெண்டு மாசம் மாதிரி சங்க ஆபீஸ் அப்புறம் எப்பவும் இருந்ததில்ல. கூட்டத்துக்கு வாங்கன்னு நான் நோட்டீஸ் அடிச்சா பத்து பேரு வருவாங்க. நோட்டீஸைப் பாக்க முப்பது பேரு படியேறினாங்க. ஈரத்துணியைக் கடிச்சுட்டு அது கண்ணை மூடுற அழகைப் பாக்க, பேசிட்டே இருந்தவங்க பேச்சை நிறுத்துவாங்க. தரையில அரிசி கணக்கா என்னமோ கிடக்குன்னு பொருளாளர் கூட்டப்போனாரு. குனிஞ்சு பாத்தா பால் பல்லு. தொடப்பத்தை வெச்சுட்டு, யாரையும் கேக்காம அதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

ஒரு நாள் கிரேன்காரர் சொன்னாரு: "அக்கா, பந்து சின்னதாயிட்ட மாதிரி இருக்கே?"

"பாஸ் ஆன சாமான் மறுபடி மேசைக்கு வராது"ன்னாங்க அக்கா. எல்லாரும் சிரிச்சோம். "விதின்னா விதிதான்"னு நானும் சேந்துக்கிட்டேன். ஆனா அக்கா விளையாட்டுக்குச் சொல்லல. அவங்க கைக்கு அப்படித்தான் பழக்கம்.

நாலு நாள் கழிச்சு, மதியம், பந்து தொண்டைக்குள்ள போயிடுச்சு.

சத்தமே வரல. பயம் அதுதான். வாயைப் பிளந்துட்டு நின்னுச்சு, முன்னங்காலால மூஞ்சியைப் பிராண்டுச்சு, நாக்கு நீலமாச்சு. பொருளாளர் விரலை விட்டாரு. எச்சில்ல வழுக்கி பந்து இன்னும் உள்ள போச்சு.

"கையை எடுங்க. மேல்தாடையை மட்டும் பிடிங்க"ன்னாங்க அக்கா. தரையில உக்காந்து, குட்டியை முழங்காலுக்கு நடுவுல மல்லாத்தி, தொண்டைக்கு வெளிய பந்து எங்க முட்டிட்டு நிக்குதுன்னு தடவிப் பாத்தாங்க. அதுக்குப் பின்னாடி ரெண்டு கட்டைவிரலையும் வெச்சு வாய்ப்பக்கமா தள்ளினாங்க. வரல. மறுபடி. பந்து தெறிச்சு பீரோவுக்கு அடியில உருண்டுச்சு. குட்டி இருமிச்சு, மூச்சு வாங்குச்சு, பொருளாளர் வேட்டியை நனைச்சுது. அவரு நகரல.

கால்நடை டாக்டர் பாத்துட்டு, தொண்டை வீங்கியிருக்கு, ரெண்டு நாள் கஞ்சி மாதிரி குடுங்கன்னாரு. பந்தைக் கையில வாங்கிப் பாத்தாரு. "இது எப்ப வாங்கினது?"

"மூணு மாசக் குட்டியில."

"இப்போ அஞ்சு மாசம். நடுவுல வாயோட அளந்து பாத்தீங்களா?"

அக்கா பந்தை வாங்கி, குட்டியோட வாய்ப்பக்கம் வெச்சுப் பாத்தாங்க.

சாயங்காலம் கமிட்டி கூடுச்சு. பொருளாளர் கோவமா பேசல. "நல்ல வீடாப் பாத்துக் குடுத்துடலாம். இங்க வெச்சு சாகடிக்க வேண்டாம்"னாரு. அவரு சொன்னதுல தப்பும் இல்ல. நாலு பேரு தலையாட்டினாங்க. அக்கா எழுந்து நின்னாங்க. கூட்டத்துல அவங்க எழுந்து நான் பாத்தது அன்னைக்கு மட்டும்தான்.

"தப்பு என்னுது. ரப்பர் வளராது. இருவது வருஷமா வளராத சாமானையே பாத்து, ஒரு தடவை பாத்தா போதும்னு ஆயிடுச்சு. பந்தைத்தான் பாத்தேன். இதோட வாய் பெருசானதைப் பாக்கல. நாயை அனுப்பாதீங்க. விதியை மாத்துங்க."

கொட்டை எழுத்துல போட்டவன் நான். நான்தான் பேசணும். "அந்த விதி உங்களைக் காப்பாத்தப் போட்டது. பந்தைக் காப்பாத்த இல்ல. மாத்துவோம்"னேன்.

தீர்மானம்: திங்கக்கிழமை தோறும் நோட்டீஸோட சாமான் எல்லாம் மேசைக்கு வரணும். வாயோட வெச்சுப் பாக்கணும். உள்ள போற அளவுல இருந்தாலோ, ஓரம் பிஞ்சிருந்தாலோ, அன்னைக்கே தூக்கிப் போடணும். எல்லாரும் கையைத் தூக்கினோம். பொருளாளர் கை தூக்கினதோட மினிட்ஸ் புக்கையும் எடுத்துக்கிட்டாரு.

"வயசு அஞ்சு மாசம்னு போடவா?"

"பென்சில்ல போடுங்க"ன்னாங்க அக்கா.

ஏழாவது மாசம் பல்லெல்லாம் முளைச்சு முடிஞ்சுது. குடுத்த வாக்கு அன்னைக்கோட தீந்துச்சு. ஆனா அக்கா நோட்டீஸை யாருக்கும் விடல. கயித்தைக் கையில சுத்திக்கிட்டு, தங்கச்சி வீட்டு மாடிக்கே கூட்டிட்டுப் போனாங்க. மறுநாள் நான் ஆபீசுக்கு வந்து, ஏதோ நெனப்புல செருப்பை பீரோ மேல வைக்காம வாசல்லயே விட்டுட்டேன். சாயங்காலம் பாத்தா ஒரு கடிகூட படாம அப்படியே இருந்துச்சு. எனக்கு அது பிடிக்கல.