திறப்பு வைத்திருந்தவர்

திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் மெதடிஸ்த ஆலயத்தில் மணியடிப்பவர் அவர். ஒடிசலான உடம்பு. ஆராதனை முடியும்வரை ஆலயக் கதவுகளைப் பூட்டித் திறக்கும் திறப்புக்கோர்வையைக் கையிலிருந்து இறக்கமாட்டார்.

“கனடாவுக்குப் பிள்ளையள் கூப்பிடேல்லையோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஓம், கூப்பிடுதுகள். புதுசா வாற போதகருக்குச் சபையின்ர கதையைச் சொல்லிக் குடுத்திட்டுப் போவம் எண்டால், சொல்லி முடிய முதல் அவருக்கு இடமாற்றம் வந்திடும். அடுத்தவருக்குத் திருப்பி முதல்ல இருந்து தொடங்கவேணும். போக ஏலாது, தம்பி.”

பிறகு என்னை நீண்ட மர வாங்கில் இருத்தி, முதல் மிசனரி கப்பலால் இறங்கியதிலிருந்து சொல்லத் தொடங்கினார். சண்டைக்குள் சனம் சிதறிய இடத்தில் நிறுத்தி, திறப்புகளை என் பக்கம் நீட்டினார்.

“நீங்கள் இங்கைதானே இருப்பியள்?”

“இல்லை ஐயா, வங்கி வேலை. அடுத்த மாதம் எனக்கும் இடமாற்றம்.”

கையை மெல்ல இழுத்துக்கொண்டார். ஆனாலும் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாரே, அது ஏன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.