வெட்டிய ஆறு தாள்கள்

ஹட்டனில் போட்டோகொப்பி கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனாலும் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ, எங்கள் மலையக ஆட்கள் எழுதுவதைப் புத்தகமாகப் போட்டு வருகிறேன். அச்சடிப்பது சென்னையில், அங்கே செலவு குறைவு. பெட்டிகள் கப்பலில் வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் தன் கதையை எழுதித் தந்தார். அதில் ஒரு அத்தியாயம் அவருடைய தம்பியைப் பற்றியது. கொழும்பில் கடையில் வேலை செய்தவனை யுத்தக் காலத்தில் ஒருநாள் விசாரணைக்கென்று பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவே இல்லை. மரணச் சான்றிதழ்கூடக் கிடையாது. "அவன் பேரு ஒரு எடத்துலயாச்சும் அச்சுல இருக்கட்டும்" என்றுதான் அக்கா எழுதவே ஒப்புக்கொண்டார்.

பெட்டிகளைக் கொழும்புச் சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். தமிழ்ப் புத்தகம், உள்ளே என்ன இருக்கிறதென்று சிங்களத்தில் சுருக்கம் எழுதித் தரவேண்டுமாம். எதையாவது மறைத்தேன் என்று நாளைக்குப் பிடித்துக்கொண்டால்? அந்தப் பயத்தில், மற்ற அத்தியாயங்களுக்குத் தலா ஒரு வரியும், தம்பி அத்தியாயத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கமும் எழுதினேன். நாங்கள் யாருக்கும் எதிரானவர்கள் இல்லை என்று, கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். அதிகாரி கையில் என் சுருக்கம்தான் இருந்தது. தம்பி என்பதைச் சிங்களத்தில் 'மல்லி' என்று சொல்லி, கொச்சைத் தமிழில் மெதுவாகத்தான் பேசினார்.

"மல்லி, முழுப் புத்தகத்தையும் இங்க யாரு வாசிக்கப் போறது? நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. இப்ப நான் பாத்துட்டேன். பாத்த பொறகு கையெழுத்து வச்சா என்னத்தான் கேப்பாங்க."

அவருக்கும் என்னைப்போலவே பயம். அந்தப் பக்கங்களை எடுத்தால் விடலாம் என்றார். எழுத்தில் தருவீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

வாசலில் நின்று அக்காவுக்குப் போன் எடுத்தேன். அதிகாரி சொன்னதைச் சொன்னேன்.

"நீங்க என்னா சொல்றீங்க, பொஸ்தக மொதலாளி?"

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"ஒங்களுக்கு மழ பேஞ்சாலும் பயந்தான். புள்ளகுட்டிக்காரரு. எடுத்துருங்க."

கிடங்கில் உட்கார்ந்து முந்நூறு புத்தகத்திலும் நானே பிளேடால் வெட்டினேன். அடியோடு அறுத்தால் ஒட்டு விட்டு மற்ற தாள்களும் உதிரும். அதனால் விரலகலம் விட்டு வெட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஆறு தாள்.

முதல் பிரதியோடு மஸ்கெலியா பஸ் ஏறினேன். அக்கா அட்டையைப் பார்க்கவில்லை. நேராக அந்த இடத்தைத் திறந்து, வெட்டிய ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

"பக்க நம்பர மாத்தலியா?"

"அச்சாகிப் போச்சேக்கா. எப்படி மாத்துறது?"

"நாப்பத்திரெண்டு. அப்பொறம் அம்பத்தஞ்சு." அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. "அப்ப வாசிக்கிறவங்க கேப்பாங்கல்ல, நடுவுல உள்ள பக்கம் எங்கன்னு? கேட்டா நா சொல்லுவேன், அவன் பேர."

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம்.

"யார்கிட்டயும் சொல்லிறாதீங்கக்கா" என்றேன்.

அக்கா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"பஸ்ஸு போயிரும்" என்றார். "கெளம்புங்க."