பாறை வாயில் நான் பேசியது

"...காது மந்தமாயிட்டா எங்க குப்பத்துல எஞ்சினத் தொட வுடமாட்டாங்க. கல்லுல அலை அடிக்கிற சத்தத்தக் கேட்டுத்தான் உள்ள பூறணும். இனிமே பேசாத மாமு" என்று ராயப்பன் அண்ணன் எஞ்சினை அணைத்தார்.

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் வாங்கிய நங்கூரத்தை அவர் குப்பத்தில் இறக்க நானும் போயிருந்தேன். எண்ணூர் முகத்துவாரத்தில் ஆலைப் புகையும் பனியும் கலந்து, படகின் மூக்கே தெரியவில்லை. கறுத்த தண்ணீர் சத்தமில்லாமல் எங்களைத் தூக்கி இறக்கியது. பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. மச்சான் கல்யாணக் கதையை ஆரம்பித்தேன். அண்ணன் கையை உயர்த்தியும் நான் நிறுத்தவில்லை. பாறை இடித்துப் படகின் பக்கம் கிழிந்தது.

தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தோம். கிழிசலைப் பார்த்த அவர் தம்பி, துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை முறைத்தார். "போட்ல எவன் பேசிகினு வந்தான்?"

"யாரும் பேசல நைனா. எனக்குத்தான் சத்தம் கேக்கல" என்றார் அண்ணன்.

ஊரெல்லாம் பேசுகிற என் வாய் அப்போது மட்டும் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு இன்றுவரை என்னிடம் சமாதானம் இல்லை.

என்னைத் திருப்பி அனுப்பத் தம்பியின் படகு வந்தது. அண்ணன் பழக்கத்தில் எஞ்சின் பக்கம் போனார், நின்றார், பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.