வாளியோடு வந்த மதினி

அன்று காலை எங்கள் வீட்டு அடுப்பு பற்றவில்லை. ஆறு மணிக்கு வரவேண்டிய பாண்டியம்மாள் மதினி ஆறேகாலுக்கும் வரவில்லை. கம்பெனி வேன் முந்தியே வந்து, ஏறிப் போய்விட்டார் போலிருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா என்று கோபமாக வாசலில் நின்றேன். அப்போதுதான் மதினியின் அண்ணன் மகன் கருப்பசாமி பைக்கில் வந்தான். இறங்கியவன் வண்டிக்கு ஸ்டாண்டு போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"சித்தி, அத்தையை எழுப்பிப் பாத்தேன். எந்திரிக்க மாட்டேங்காக," என்றான்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தூங்குகிற முகம்தான். வேலைக்குக் கட்டிப்போகும் பருத்திச் சேலை தலைமாட்டில் மடித்தபடி இருந்தது. மாரடைப்பு என்றார் வந்து பார்த்த டாக்டர்.

துஷ்டி கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பிள்ளையில்லை, குட்டியில்லை, கொண்டவனும் பாதியில் போய்விட்டான், பாவம் பாண்டியம்மா. கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும்போதும் இதையேதான் சொல்வீர்கள் என்று தெரியும். அதற்கு முன் இதைப் படித்துவிட்டு வாருங்கள். ஊர் நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவள் நான். நாலு வரி எழுதத் தெரியும். மதினியைப் பற்றி எழுதாமல் வேறு யாரைப் பற்றி எழுதப்போகிறேன்?

எனக்கு அவர் ரத்த சொந்தம் இல்லை. எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர். அவர் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் அவர் மதினியானார். கல்யாணமாகி ஆறாம் வருடம் அண்ணன் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதன் பிறகு மதினி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தார். நான் ஏற்கெனவே அங்கே இருந்தேன். ஒரே வேன், ஒரே ஷெட்டு, ஒரே வேப்பமரத்தடியில் மதியச் சாப்பாடு.

மதினியிடம் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "அவ பாத்துக்கிடுவா." அவ என்றால் எங்கள் ஊர் மாரியம்மன். எனக்குச் சாமியிடம் அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. சாமி படம் ஒட்டாத கம்பெனி வேன் உண்டா, அதற்காக விபத்து நின்றுவிட்டதா என்று கேட்கிறவள் நான். ஒருநாள் சாப்பிடும்போது வேண்டுமென்றே சீண்டினேன்.

"பாத்துக்கிடுவா, பாத்துக்கிடுவாங்கீகளே மதினி, ஷெட்டுல தீப்பிடிச்சா உங்க ஆத்தா வாளியத் தூக்கிக்கிட்டு வருவாளா?"

மரத்தடியில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். "வர வேண்டிய நேரத்துல வருவா. நீ முதல்ல சோத்தைத் தின்னு," என்று தன் தூக்குச்சட்டியிலிருந்த கருவாட்டுக் குழம்பை என் சோற்றில் ஊற்றினார்.

இனி சொல்லப்போவது பதினைந்து வருடத்துக்கு முந்தைய கதை. என் தப்பையும் சேர்த்தே சொல்கிறேன். வெடிமருந்துக் கலவையை நாங்கள் வெறுமனே மருந்து என்போம். அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும். மிஞ்சினால் போர்மேனிடம் சொல்லி அழித்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஈரக்காற்றில் கிடந்தால் அது தானாகவே சூடேறிவிடும். இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அது தீபாவளி சீசன். ஆர்டர் கழுத்தை நெரித்தது. சாயங்காலம் வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். மிஞ்சிய மருந்தைத் தட்டுப் போட்டு மூடி மூலையில் தள்ளினேன்.

"மிச்சத்தை வைக்காதத்தா," என்றார் மதினி.

"காலையில மொத வேலையாத் தீத்துருவேன் மதினி, வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலையில் தட்டை எடுத்ததும் புகை வந்தது, அடுத்த நொடியே என் கைப்பக்கம் குப்பென்று பற்றிக்கொண்டது. புகையைப் பார்த்தால், சத்தத்தைக் கேட்டால், திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். வேலைக்குச் சேரும் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அதுதான். எல்லோரும் ஓடினார்கள். ஓடியவர்களை நான் குறையே சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். என்னால்தான் ஓட முடியவில்லை. இரண்டு கையும் முந்தானையும் எரிந்துகொண்டிருந்தன. அப்போது வாசலில் மதினி நின்றார். வெளியே ஓடிப்போனவர் திரும்பி வந்திருந்தார். ஷெட்டுக்கு வெளியே எப்போதும் வைத்திருக்கிற தண்ணீர் வாளி அவர் கையில் இருந்தது. அதை என் தலையோடு கவிழ்த்து, என்னைக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்துப்போட்டார். வேலியருகே வந்து விழுந்தோம். பிறகுதான் ஷெட்டு வெடித்தது.

அவருக்கு வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. ஆறிய பிறகு யாராவது அந்தத் தழும்பைப் பார்த்து உச்சுக்கொட்டினால், "அம்மன் போட்ட வளையல், கழட்ட முடியாது," என்பார்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இரண்டரை மாதம் கிடந்தேன். என் வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டுகிறவர், தங்கமான மனிதர். ஆனால் முதல்நாள் என் கட்டுகளைப் பார்த்ததும் மயங்கி விழுந்து, அவருக்கு ஒரு கட்டில் போட வேண்டியதாயிற்று. அவரையும் என் இரண்டு பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு மதினி என்னோடு தங்கினார். சீசன் வேலையை விட்டுவிட்டு, தன் கையிலும் கட்டோடு, இடது கையால் எனக்குச் சோறு ஊட்டினார். கட்டு மாற்றும்போது உயிர் போகும். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருச் சண்டைகளை ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பிப்பார். நடந்த சண்டைகள் தீர்ந்ததும் நடக்காததையும் சேர்த்துக்கொண்டார். நர்ஸம்மா கையில் பஞ்சோடு நின்று கதை கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

தினமும் காலையில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஒரே ஒரு வரி சொல்வார்: "தாயே, இன்னைக்குப் பொழுதை நீ பாத்துக்கோ. நாளைக்குள்ளதை நாளைக்குக் கேக்கேன்." அவ்வளவுதான் அவருடைய பூஜை.

ஒருநாள் வலி பொறுக்காமல் அவர் மீதே பாய்ந்தேன். "எங்க மதினி உங்க ஆத்தா? பாத்துக்கிடுவான்னீகளே, பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா?"

மதினி கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வாளியத் தூக்க ஆள் அனுப்புனால்ல. அவளே வரணுமோ?"

வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டேன்.

இன்னொரு நாள், இந்தக் கையோடு பிழைத்து என்ன செய்ய, உங்க ஆத்தாகிட்டச் சொல்லி என்னை எடுத்துக்கிடச் சொல்லுங்க என்று அழுதேன். அன்றுதான் அவருக்குக் கோபம் வந்தது. "அப்ப நான் வேலையத்துப் போயா இங்கன உக்காந்திருக்கேன்?" என்று கேட்டுவிட்டு, சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. மாத்திரை மட்டும் நேரம் தவறாமல் வாயில் விழுந்தது.

நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இன்னொன்று உண்டு. "நான் அப்பவே சொன்னேன், மிச்சத்தை வைக்காதேன்னு" என்ற வார்த்தை மதினி வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. நானே கேட்டுப் பார்த்தேன், ஒரு தடவையாவது சொல்லிவிடுங்கள், எனக்கும் பாரம் குறையும் என்று. "சொன்னா உனக்குத் தோலு வளருமா?" என்று கேட்டார். நம் ஊரில் 'அப்பவே சொன்னேன்' என்று சொல்லாத மனுஷியை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

எனக்காக மதினி ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக. வெந்து கிடக்கிறவளுக்காக நெருப்பையா சுமப்பார்கள் என்று கத்தினேன். மதினி கேட்கவில்லை. பொங்கல் அன்று மேளச்சத்தம் எங்கள் தெருவுக்குள் வந்ததும் நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த நாட்களில் எனக்கு நெருப்பைக் கண்டாலே உடம்பு உதறும். சட்டி எடுத்து வருகிறவர்களின் காலுக்கு வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். மேளம் எங்கள் வாசலில் நின்றது. கதவுக்கு வெளியே மதினியின் குரல் கேட்டது.

"செல்வி, ரோடு கொதிக்குது. நீ ஊத்தாம நான் நகர மாட்டேன்."

கதவிடுக்கில் பார்த்தேன். மஞ்சள் சேலை, வேப்பிலை, இரண்டு கையிலும் ஏந்திய சட்டியில் எரிகிற நெருப்பு, அந்தத் தழும்புக் கை. கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். மடங்காத விரல்களால் ஒரு செம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் ஊற்றினேன். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திப்போனது.

"போதும்," என்றார் மதினி. "மிச்சத்தை அவ பாத்துக்கிடுவா."

ஆனால் அடுப்பு மட்டும் என்னால் முடியவில்லை. தீப்பெட்டி ஆபீஸும் பட்டாசுக் கம்பெனியும் சோறு போடுகிற மண்ணில், ஒரு தீக்குச்சியை உரச முடியாத பொம்பளையாக இருந்தேன். மதினி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் காலை ஆறு மணிக்கு வேனுக்குப் போகும் வழியில் வந்து, அடுப்பைப் பற்றவைத்து, டீயைக் குடித்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். கேஸ் அடுப்பு வந்த பிறகும் வந்தார். என் மகள் பற்றவைக்கப் பழகிய பிறகும், அவள் கல்யாணமாகிச் சாத்தூருக்குப் போன பிறகும் வந்தார். கொஞ்ச நாளாக எங்கள் வீட்டை முடித்துக்கொண்டு தெற்குத் தெருவுக்கும் போனார். அங்கே மாரீஸ்வரி, எம். புதுப்பட்டிப் பக்கம் வேலைக்குப் போய்க் கை வெந்து வந்தவள், என்னைப் போலவே அடுப்பருகே போகாமல் இருக்கிறாள்.

மதினியைத் தூக்கும் நேரத்தில் நெய்ப்பந்தம் பிடிக்க ஆள் கேட்டார்கள். பேரன் பேத்திகள் சுற்றி நின்று பிடிக்க வேண்டியது அது. "பேரப்பிள்ளைக இல்லையே, பந்தம் வேணாம், தூக்குங்கப்பா," என்றார் ஊர்ப்பெரியவர் ஒருவர்.

"நான் பிடிக்கேன்," என்றேன்.

"நீ என்ன அவளுக்குப் பேத்தியா? அதுபோக, உனக்குத் தீயின்னா ஆகாதேம்மா."

"பேத்திதான் பிடிக்கணும்னா இன்னைக்கு நான் பேத்தியாவே இருந்துட்டுப் போறேன் மாமா. பந்தத்தைப் பத்தவைக்கச் சொல்லுங்க."

கருப்பசாமி பற்றவைத்துக் கொடுத்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூன்று சுற்று முடிகிறவரை பந்தம் என் கையில்தான் இருந்தது. பேரன் பேத்திகள் நாலைந்து பேர் இருந்திருந்தாலும் இப்படி ஒரு பெருமையோடு யாரும் பந்தம் பிடித்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுப்பு முன்னால் நின்றேன். மதினி கடைசியாக வைத்த இடத்திலேயே தீப்பெட்டி இருந்தது. முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது அணைந்தது. மூன்றாவது பிடித்தது. அவர் விட்டுப்போனதில் நான் எனக்கென்று எடுத்துக்கொண்டவை அந்தத் தீப்பெட்டியும் அந்த ஒரு வரி வேண்டுதலும்தான். இன்றைக்குப் பொழுதை நீ பார்த்துக்கொள் என்று நானும் இப்போது தினமும் சொல்கிறேன். அம்மனிடம் சொல்கிறேனா, மதினியிடம் சொல்கிறேனா என்று எனக்கே தெரியாது.

டீயைக் குடித்துவிட்டுத் தெற்குத் தெருவுக்குப் போனேன். மாரீஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"பெரியம்மா போயிட்டாகளேக்கா. இனி எனக்கு யாரு வருவா?"

"அவ பாத்துக்கிடுவா," என்றேன். "தீப்பெட்டி எங்கன வச்சிருக்க?"