மூலை கேபின் செல்வம்

செல்வம் போய்விட்டான். காலையில் பண்ணைப்புரத்திலிருந்து அவன் மச்சான் போன் செய்தார். மாரடைப்பாம்...

உத்தமபாளையத்தில் என் பிரவுசிங் சென்டருக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மூலை கேபினில் ஒல்லியாக ஒருத்தன். யார் வந்தாலும் நிமிர மாட்டான்.

சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் திராட்சைத் தோட்டம் பார்க்க வந்தவன். மீதி நேரத்தில், உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து இலவசமாக உருவாக்கும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் கோடிங் எழுதினான்.

அதில் தமிழ் எழுத்து உடையாமல் பிரிண்ட் ஆக வேண்டும். அதுதான் அவன் பங்கு. வருஷக்கணக்கில் அதையே எழுதினான்.

அந்த சிஸ்டத்தை இரண்டு குழுக்கள் தனித்தனியாக வளர்த்து வந்தன. இரண்டையும் ஒன்றாக்க முடிவானபோது எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டார்கள். வேறு கம்பெனியின் ரகசிய கோடிங்கைப் பார்த்தவர்கள் யாராவது இதில் எழுதியிருக்கிறீர்களா? அது இதில் கலந்திருந்தால் அந்தக் கம்பெனி கேஸ் போடும்.

செல்வம் சென்னையில் அப்படி ஒரு பிரிண்டர் கோடிங்கைப் பார்த்திருக்கிறான். காப்பி அடிக்கவில்லை. பார்த்ததோடு சரி.

"பேசாம இருடா. பண்ணைப்புரத்துக்கு வந்தா கேக்கப் போறாக?" என்றேன்.

"கேக்க மாட்டாகண்ணே. ஆனா நாளைக்குக் கேஸுன்னு வந்தா அம்புட்டுப் பேரு உழைப்பும்ல போகும்."

தான் பார்த்ததை அவனே அவர்களுக்கு எழுதிப் போட்டான். அவன் எழுதியது மொத்தத்தையும் எடுத்துவிட்டார்கள்.

இனி வேறொருவர் புதிதாக எழுத வேண்டும். என்ன நடக்கணும் என்று செல்வம் சொல்லலாம், எப்படி என்று சொல்லக் கூடாது. பழைய கோடிங் அவன் வழியாகக் கசிந்துவிடாமல், அவன் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்ப நடுவில் கோடிங்கே தெரியாத ஒரு ஆள் வேண்டுமாம்.

"நீங்கதாண்ணே சரியான ஆளு. ஒண்ணுமே தெரியாதுல்ல?"

பத்தாவதை இரண்டாம் தடவையில் பாஸ் செய்த எனக்கு, வாழ்க்கையில் கிடைத்த ஒரே தகுதிச் சான்றிதழ்! நான் தமிழில் எழுத, என் மகள் இங்கிலீஷ் ஆக்கினாள்.

சொல்லிக்கொண்டே வருவான். உற்சாகத்தில் 'எப்படி' என்பதும் வாய்வரை வந்துவிடும். சட்டென எழுந்து டீ வாங்கப் போய்விடுவான். அந்த நாட்களில் நாங்கள் குடித்த டீ கொஞ்சநஞ்சமில்லை...

கடைசியில் தமிழே தெரியாத ஒரு போலந்துக்காரர் எழுதி முடித்தார். உதவியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. என் பெயரும் இருந்தது. செல்வம் பெயர் இல்லை.

"நாந்தாண்ணே வேணாமுன்னுட்டேன். என் பேரைப் பாத்தா மறுபடியும் சந்தேகப்படுவாக."

அதற்குப் பிறகும் மூலை கேபினுக்கு வந்தான். எதுவும் எழுதவில்லை. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான்.

இதை வீட்டில் சொன்னால் "சரி, சாப்பிட வாங்க" என்பார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மதியம் அவன் மச்சான் அஞ்சலி நோட்டீஸ் கேட்டார். செல்வம் போட்டுக் கொடுத்த அதே சிஸ்டத்தில் நானே டைப் செய்து பிரிண்ட் கொடுத்தேன். பேப்பர் வந்ததும் கையில் எடுத்துக்கொண்டு மூலை கேபின் பக்கம் திரும்பினேன்... பழக்கம்.

உன் பேரு உடையாம வந்திருக்குடா செல்வம்.

போயிட்டு வா.